பூச்சட்டையின் நாலாவது பட்டன்

மார்ச் 5, செவ்வாய்

மதியம் கேன்டீனில் சோயா முளை சூப். உப்பு அதிகம். அதற்குப் பிறகு மாலைவரை பொழுது ‘வெள்ளிச் சிறகு அரசி’ என்கிற உடையோடு போனது.

அது என் வேலை இல்லை, பக்கத்து இருக்கை கியூரியின் வேலை. எங்கள் கம்பெனியின் இணைய விளையாட்டில், ஆடுகிறவர்கள் தங்கள் பொம்மைக்குக் காசு கட்டி வாங்கும் உடைகளை நிரந்தர ஊழியர்கள் செய்வார்கள். சும்மா கொடுப்பவை என்னைப் போல ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு. ஆனால் கியூரி “அக்கா, கொஞ்சம் வாங்களேன்” என்றால் போகாமல் இருக்க முடியாது. பொம்மைக்கு அந்த உடையை மாட்டி உட்கார வைத்தால், முதுகில் தொங்கும் துணி தொடைக்குள் புகுந்து முழங்கால் வழியாக வெளியே வருகிறது. தலைமுடி காலரைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. சரிசெய்ய ஒரு வாரம் கேட்டாள். டீம் லீடர் பியோன் வந்து பார்த்தார்.

“ஐம்பதாயிரம் வோன் குடுத்து வாங்கினவன் எதுக்கு உட்காரப் போறான்? நாலு பேர் பார்க்க நிப்பான். அதை விடுங்க. இன்னொரு ஜோடி சிறகு போடுங்க. காசு குடுத்தது கண்ணுல தெரியணும்.”

ஏற்கெனவே இரண்டு ஜோடி இருக்கிறது. மூன்றாவதை எங்கே ஒட்டுவது என்று கேட்டாள். இடுப்பில் என்றார்.

இடுப்பில் சிறகு. கோழிக்குக்கூட கடவுள் அப்படிச் செய்யவில்லை.

மார்ச் 7, வியாழன்

இன்றும் சதுக்கம் முழுக்கப் பூச்சட்டை. விளையாட்டுக்குள் நுழைகிற எல்லோரும் முதலில் வந்து இறங்கும் இடம் அது; நடுவில் மீன் பிடிக்க ஒரு குளம். பார்த்துக்கொண்டே இருந்தேன், வேலை செய்வது போன்ற முகத்தோடு.

போன நவம்பரில், வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவத்துக்காக, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஒரு சட்டை கேட்டார்கள். சந்தைக் கடைகளில் கொத்தாகத் தொங்குமே, பஞ்சு வைத்துத் தைத்த, பெரிய பெரிய பூப்போட்ட, கையில்லாத சட்டை. அம்மாக்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அதைச் செய்தேன். இலவசம் என்பதால் அலுவலகத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சிறகு வை, மின்ன வை என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அது உருப்பட்டது.

பொம்மை மீன் பிடிக்கக் குந்தினால் முதுகுப் பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், பூக்கள் இழுபடும். மழையில் முதலில் தோள்பட்டைதான் கறுக்கும். பாக்கெட்டில் எதையோ போட்டு வைத்த மாதிரி ஒரு புடைப்பு. பட்டன்கள் பழுப்பு, நாலாவது மட்டும் பச்சை. அம்மாவின் சட்டையில் அப்படித்தான். ஒன்று தொலைந்ததும் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தைத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் செய்ததில் எனக்கே பிடித்தது இது ஒன்றுதான். இதை எழுதக் கூச்சமாக இல்லை.

மார்ச் 9, சனி

அம்மா அழைத்தாள். ஊரில், மாசானில், ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை. நாள் முழுக்க மீன் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து, எங்கள் விளையாட்டில் மீன் பிடிக்கிறாள்.

“அங்கேயும் மீன், இங்கேயும் மீனா?”

“இது நாறாதுடி.”

விளையாட்டில் அவள் பெயர் ‘மாசான் கானாங்கெளுத்தி’. கூட வேலை பார்க்கும் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு ‘சமையல்கட்டு’ என்று ஒரு குழு. ஐந்து பேரும் பூச்சட்டையில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். போன வருடம் சட்டை வந்த அன்றே அழைத்து, “ஏண்டி, என் பட்டனைத் திருடிட்டியே” என்றாள். சமையலறை முழுக்கச் சொல்லியாயிற்று, என் பொண்ணு தைச்சது என்று. வரைஞ்சது என்று சொல்ல மாட்டாள். தைச்சது.

வெள்ளிச் சிறகு பற்றிச் சொன்னேன். விலையைக் கேட்டுச் சிரித்தாள்.

“பொம்மைக்குத் துணி வாங்க அவ்வளவு காசா? அவன் வீட்டுல அடுப்பு எரியுதான்னு யாராவது போய்ப் பாருங்க.”

மார்ச் 21, வியாழன்

வெள்ளிச் சிறகு அரசி வெளிவந்தது. மொத்தம் மூன்று ஜோடி.

மார்ச் 25, திங்கள்

விற்கவில்லை. கியூரியும் நானும் சதுக்கத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் அந்த உடையில் வந்து நின்றார். சிறகுகள் பக்கத்தில் இருந்தவர்களின் முகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. பூச்சட்டைக்காரர் ஒருவர் எழுதினார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மீன் பயப்படுது.” அவர் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு உடை மாற்றிக்கொண்டு, பூச்சட்டையில், அதே வரிசையில் குந்தினார்.

கியூரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

“அக்கா, நான் வரைஞ்ச முதல் படத்துல சிறகே கிடையாது. உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். வெள்ளி நூல் ஓடும் ஒரு குட்டை மேல்சட்டை. அழகாக இருந்தது. இப்போதும் அடியில் எங்கேயோ இருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

பியோன் சார் கூட்ட அறையில் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். காபி வாங்கி வைத்திருந்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“சேரின், ஒண்ணு கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா குடுக்கிற சட்டை இவ்வளவு நல்லா இருக்கணுமா?”

பாராட்டு என்று நினைத்தேன். நன்றி சொல்லித் தலை குனிந்தேன். குனிந்தேனே — முட்டாள், முட்டாள்.

“அதை வச்சுக்கிட்டு இவங்க வேற எதையும் வாங்க மாட்டேங்குறாங்க. கொஞ்சம் இறக்குங்க. அழகா இருக்கிறதை எல்லாம் லேசா தட்டி விடுங்க. நீர்மூழ்கியா போகட்டும்.”

அறிவிப்பு எதுவும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைக்கும் மாற்றத்துக்கு எங்கள் ஊரில் நீர்மூழ்கி என்று பெயர். விளையாடுபவர்கள் வைத்த பெயர். இப்போது நாங்களே கூச்சமில்லாமல் சொல்கிறோம்.

அது என் சட்டை சார் என்றேன். வாயில் வந்தது அவ்வளவுதான். கம்பெனி சட்டை என்றார், சிரித்துக்கொண்டே.

“அக்டோபரோட உங்க ஒப்பந்தம் முடியுது இல்லையா? நிரந்தரம் பண்ண நான்தான் எழுதித் தரணும். எழுதணும்னுதான் இருக்கேன். நீங்க செய்யலேன்னா வெளியே குடுத்துடுவேன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. ஆனா உங்க கையால நடந்தா பக்குவமா இருக்கும்.”

பக்குவமா.

ஏப்ரல் 3, புதன்

செய்ய மாட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

நான் செய்யாவிட்டால் வெளியாள் செய்வான். வெளியாள் பட்டனை விட்டுவைக்க மாட்டான்.

இது காரணமா, சாக்கா? நிரந்தரம் ஆகாவிட்டால் மறுபடி மூன்று மாத வேலை, ஆறு மாத வேலை என்று அலைய வேண்டும். முப்பத்திரண்டு வயதாகிறது. அதை ஏன் முதலில் எழுதவில்லை? பட்டனை ஏன் முதலில் எழுதினேன்?

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆரம்பித்துவிட்டேன். கெடுப்பதற்கும் கைத்திறன் வேண்டும் என்று இன்றுதான் தெரிந்தது. முரட்டுத்தனமாகச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பூக்களின் சிவப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தேன். தையல் வரும் படத்தைப் பாதி அளவாக்கினேன். நூல் கரைந்து கறை மாதிரி ஆனது. துணி நெகிழும் இடங்களை இறுக்கினேன். இனி குந்தினால் முதுகு மேலே ஏறாது. விளிம்பு தொடைக்குள் போய்விடும். பாக்கெட் தட்டையாகிவிட்டது. மழையில் நனைவதை எடுத்துவிட்டேன்.

பட்டனைத் தொடவில்லை. பியோன் சாரும் கவனிக்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

“எதை மாத்தினீங்கன்னே சொல்ல முடியலை. ஆனா பார்த்தா போடத் தோணலை. கெட்டிக்காரிங்க நீங்க.”

ஒன்றரை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 18, வியாழன்

நீர்மூழ்கி இறங்கியது. சத்தமே இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

அம்மா அழைத்தாள்.

“கண்ணு மங்குது போலடி. பூவெல்லாம் பிளீச்சிங் பவுடர்ல ஊற வச்ச மாதிரி தெரியுது. உட்கார்ந்தா தொடையில என்னமோ குத்தி நிக்குது.”

டேப்லெட்டைத் துடைத்துப் பாரும்மா என்றேன்.

“துடைச்சுட்டேன். நேத்து கண்ணாடிக் கடைக்கும் போயிட்டு வந்துட்டேன். பவர் ஏறிடுச்சுன்னு புதுசு எழுதிக் குடுத்தான். வயசாகுதுல்ல.”

நான் என்ன சொன்னேன்? சரிம்மா, நல்ல கண்ணாடியா போட்டுக்கோ என்றேன். அந்த வாயை —

என்ன மனுஷி நான். என் சொந்த அம்மா கண்ணுல கோளாறுன்னு நம்பிட்டு இருக்கா. நான் ஃபோனை வச்சுட்டு ராமென் வேக வச்சுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

யாரோ ஒருவர் பழைய பூச்சட்டையையும் இப்போதையதையும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டுவிட்டார். தையல், பாக்கெட், விளிம்பு என்று வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் கெடுத்த இடம் ஒன்றைக்கூட விடவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட அந்தச் சட்டையை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அம்மா புதுக் கண்ணாடியை மேசையில் தட்டிக்கொண்டே ஃபோனில் பேசினாள், சத்தம் கேட்டது.

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எவளோ உன் சட்டையைக் கெடுத்து வச்சிருக்கா. பொம்பளைதான், பார்த்தாலே தெரியுது. எந்த மடிப்புல கை வைக்கணும்னு தெரிஞ்சு வச்சிருக்கா. உன் மேல பொறாமை. அந்தப் பக்கத்து சீட்டுக்காரியா?”

தெரியலம்மா என்றேன்.

கியூரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 2, வியாழன்

சமையல்கட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியிருக்கிறது. பதில் இப்படிப் போயிற்று: “தாங்கள் குறிப்பிட்ட உடை இயல்பான நிலையில் உள்ளது. சாதனத்தைப் பொறுத்து நிறம் மாறித் தெரியலாம்.” அனுப்புவதற்கு முன் பியோன் சார் என்னிடம் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

மே 8, புதன்

பெற்றோர் நாள். அம்மாவுக்குக் கார்னேஷன் பூவும் கொஞ்சம் பணமும் அனுப்பினேன். பூவை ஜன்னலில் வைத்துப் படம் அனுப்பினாள். பணத்தை லாரிக்குக் கொடுத்துவிட்டாளாம்.

“எந்த லாரி?”

“சட்டையைக் கெடுத்ததைக் கேட்க உங்க ஆபீஸ் வாசலுக்கு வரப் போற லாரிடி. எல்லாரும் சேர்ந்து காசு போடுறோம். பக்கவாட்டுல பெரிய திரை வச்சு, எழுத்து ஓடும்ல, அது. நாங்க அஞ்சு பேரும் போட்டுட்டோம்.”

“நீயா? கேமுக்கா?”

“கேமுக்கு யாரு போட்டா? என் பொண்ணுக்குப் போட்டேன். உன் பேரைச் சொல்லலை, பயப்படாதே. உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுல்ல.”

சந்தையில் ஒரு கட்டு வெங்காயத்தாளுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

மே 14, செவ்வாய்

காலையில் வந்துவிட்டது. விளையாட்டுக் கம்பெனிகள் நிறைந்த பங்க்யோவுக்கு இது ஒன்றும் புதிதில்லை. விளையாடுகிறவர்கள் சந்தோஷமாக இருந்தால் காபி வண்டி அனுப்புவார்கள், கோபம் வந்தால் திரை வண்டி. எதிர்க் கட்டடத்துக்குப் போன மாதம் காபி வந்தது. எங்களுக்கு இது.

எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். முதலில் பழைய பூச்சட்டை, அப்புறம் என் கைபட்ட பூச்சட்டை, மாறி மாறி. அப்புறம் திரை கறுப்பாகி வெள்ளை எழுத்தில்:

‘பூச்சட்டையைக் கெடுத்த கை எது? காட்டு.’

கடைசியில் காசு போட்டவர்களின் பெயர்கள் ஓடின. ‘மாசான், சமையல்கட்டு’ வந்தபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். கியூரி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குத் தெரியும். என் திரையைப் பார்த்தபடிதானே உட்கார்ந்திருக்கிறாள்.

“அக்கா, சாப்பாட்டுக்குக் கீழே போக வேணாம். நான் கிம்பாப் வாங்கிட்டு வரேன்.”

அந்தப் பெண்ணையா நான் அம்மாவிடம் காட்டிக்கொடுத்தேன். காட்டிக்கொடுக்கவில்லை, சும்மா இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்.

மதியம் அம்மாவிடமிருந்து செய்தி: லாரி வந்துச்சா? எங்க பேரு வரும்போது வீடியோ எடுத்து அனுப்பு. சமையல்கட்டு காத்துக்கிட்டு இருக்கு.

எடுத்தேன். அனுப்பினேன். ஐந்து பேரும் சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படம் ஒன்று வந்தது.

மே 17, வெள்ளி

அறிவிப்பு வந்தது. “பணியாளர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்த மாற்றத்தால் இந்தக் குறை ஏற்பட்டது. தகுந்த நடவடிக்கை எடுப்போம்.”

தன்னிச்சையாக!

பியோன் சார் அறைக்குப் போய்க் கேட்டேன். கேட்டேன் என்றா எழுதினேன்? அழுதேன்.

“உங்க பேரு எங்கேயாவது இருக்கா? பணியாளர் ஒருவர், அவ்வளவுதானே? எங்க கம்பெனியில முந்நூறு பேர் இருக்காங்க. எதுக்கு நீங்களா தொப்பியை எடுத்து மாட்டிக்கிறீங்க?”

நிரந்தரம்பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயம்.

மே 18, சனி

அம்மா: “பார்த்தியா, ஒத்துக்கிட்டானுங்க. அவளை வேலையை விட்டுத் தூக்குற வரைக்கும் விட மாட்டோம்.”

ஜூன் 4, செவ்வாய்

பழைய பூச்சட்டை திரும்பி வருகிறது. இலவசமாக அல்ல. இலவசச் சட்டை கெட்டது கெட்டபடியே இருக்கும். பழையதுக்கு ‘அசல் பூச்சட்டை’ என்று பெயர் வைத்து முப்பத்து மூன்றாயிரம் வோனுக்கு விற்கப் போகிறார்கள். கூட்டத்தில் பியோன் சார் சொன்னபோது ஒருவர் கை தட்டினார்.

“இவ்வளவு பேர் இந்தச் சட்டைக்காக லாரி அனுப்பியிருக்காங்க. இதை விட விளம்பரம் வேணுமா? ஆனா அப்படியே விட்டா காசு குடுத்தது தெரியாது. அந்தப் பச்சைப் பட்டனைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. அதைப் பெரிசாக்கித் தங்கம் மாதிரி பண்ணுங்க. மின்னணும்.”

காசுக்குப் போகிற உடை என்பதால் கியூரிக்குப் போனது. என் கோப்புகளை அவளுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

“பட்டனை மட்டும் விட்டுடச் சொல்லி ரெண்டு தடவை கேட்டுப் பார்த்துட்டேன் அக்கா,” என்றாள்.

தெரியும்மா, விடு.

ஜூன் 20, வியாழன்

அசல் பூச்சட்டை விற்பனைக்கு வந்தது. மத்தியானத்துக்குள் சதுக்கம் முழுக்க அது. முதலில் கொஞ்சம் பேர் திட்டினார்கள், கொடுத்ததைப் பிடுங்கி விற்கிறான் என்று. திட்டியவர்களிலேயே பாதிப் பேர் வாங்கிப் போட்டுக்கொண்டு திட்டினார்கள்.

ஜூன் 22, சனி

“வாங்கிட்டேன்டி,” என்றாள் அம்மா.

“என்னத்த?”

“அசல் சட்டை. சும்மா இருந்ததுக்குக் காசான்னு மத்த நாலு பேரும் முறைச்சாங்க. நான்தான் சொன்னேன், என் பொண்ணு தைச்சது, அதுக்கு ஒரு விலை இருக்கட்டும்னு. அப்புறம் அவங்களும் வாங்கிட்டாங்க. பட்டன் மின்னுதுடி. உன் பட்டனுக்கு வந்த மரியாதையைப் பாரு. இதுல உனக்குப் பங்கு வரும்ல?”

வரும்மா என்றேன்.

வேறு என்ன சொல்ல? சொல்லு. இதைப் படிக்கப் போவது நீ மட்டும்தானே, நீயே சொல்லு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வெளியிலும் மழை, விளையாட்டிலும் மழை. அசல் பூச்சட்டை நனைவதில்லை. மினுக்குப் பூச்சு போட்டதால் தண்ணீர் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சூசொக் அறுவடைப் பண்டிகை. ஊருக்குப் போகவில்லை. வேலை என்று சொன்னேன். அறையில் படுத்திருந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

நிரந்தரம் இல்லை.

பியோன் சார் இந்தத் தடவை காபி வாங்கவில்லை.

“நடவடிக்கை எடுப்போம்னு அறிவிச்சுட்டோம். மாசா மாசம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எடுத்தீங்களா எடுத்தீங்களான்னு. ஒப்பந்தம் தானா முடியுது, உங்களுக்கும் கெட்ட பேரு இல்லை. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, சேரின்.”

என்னைச் செய்யச் சொன்னதே நீங்கள்தானே என்றேன். நினைவில்லாதவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான்.

அவர் எழுதித் தருவார் என்று நம்பித்தானே அந்தச் சட்டையில் கை வைத்தேன். இப்போது கை வைத்ததற்காக எழுதித் தர மாட்டார். நன்றாக இருக்கிறது. ஓட்டையே இல்லாத தையல்.

அக்டோபர் 31, வியாழன்

கடைசி நாள். கியூரி சுரங்க ரயில் நிலையம்வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் நிறுத்தி, உன்னைப் பற்றி என் அம்மா தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் திருத்தவில்லை என்று சொல்லிவிட்டேன்.

“உங்க அம்மாதான அந்தக் கானாங்கெளுத்தி? நான் அவங்க பக்கத்துல உட்கார்ந்து மீன் பிடிச்சிருக்கேன். வேற பேருல. நல்லா திட்டுவாங்க,” என்றாள்.

என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நவம்பர் 16, சனி

கம்பெனி விளையாடுகிறவர்களோடு நேரலையில் பேசியது. நானும் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை. இந்த வருடம் மிகவும் விரும்பப்பட்ட உடை அசல் பூச்சட்டையாம். பியோன் சார் சூட் போட்டுக்கொண்டு, தரத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை என்றார். பூச்சட்டையைக் கெடுத்தவர் என்ன ஆனார் என்று ஒருவர் கேட்டார்.

“சம்பந்தப்பட்டவர் இப்போ எங்களோட இல்லை.”

திரை முழுக்கக் கை தட்டும் பொம்மைகள். அதில் கானாங்கெளுத்தியும் இருந்தது.

நவம்பர் 23, சனி

மாசான். கிம்ச்சி போட வந்தேன். லீவு என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

முற்றத்தில் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலை மாதிரி. சமையல்கட்டு ஐந்து பேரும் நீலப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பூச்சட்டையில், நிஜமான பூச்சட்டையில். குந்தியிருந்ததால் முதுகுப் பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. நாலாவது பட்டன் பச்சை. மின்னவில்லை.

“வந்துட்டாடி தையல்காரி,” என்று ஒருவர் சத்தம் போட்டார். எல்லோரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அம்மா ஒரு குருத்து இலையைக் கிள்ளி, மிளகாய் மசாலா வைத்துச் சுருட்டி என் வாயில் திணித்தாள்.

“தூக்கிட்டாங்களாமே அவளை? நேரலையில சொன்னான். நாங்க அன்னைக்கு மக்கொல்லி வாங்கிக் குடிச்சோம்.”

வாய் நிறைய இருந்தது. விழுங்கினேன்.

“ஆமாம்மா. தூக்கிட்டாங்க.”

“வேணும் அவளுக்கு. அந்தப் பக்கத்து சீட்டுக்காரிதானே?”

“இல்லம்மா. கியூரி இல்லை. கியூரி நல்ல பொண்ணு. அவ மேல நீ ஒண்ணும் வச்சுக்காத.”

“அவ இல்லையா? பின்ன யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண் எரிந்தது. மசாலா நெடியாகவும் இருக்கலாம். அம்மா கேட்டதை அதற்குள் மறந்துவிட்டு, பின்னால் திரும்பி ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் கையுறையை எடுத்து உள்ளே ஊதினாள்.

“சரி, அவ எவளா இருந்தா நமக்கென்ன. மசாலா பட்டா ரெண்டு நாளைக்கு எரியும். உன் கையைக் காட்டு.”

காட்டினேன்.